ஷார்ஜாவிலிருந்து வந்த செத்த டிஸ்க்

ஷார்ஜாவில் வாழும் என் மைத்துனன் சப்ரிக்கு, அலெக்ஸாண்டிரியாவிலிருந்து உன் அக்காள் கணவன் வக்தி, டிராம் பரிசோதகர் (ஓய்வு), சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நான் நலம், உன் அக்காள் இன்ஷிராஹ் நலம், என் மகளும் உன் மருமகளுமான நஹ்லாவும் நலம். நலமில்லாதது நீ அனுப்பிய டிஸ்க் ஒன்றுதான்.

நஹ்லாவுக்கு உன் அலுவலகத்தில் வேலை இருக்கிறதென்று நீ ஆசை காட்டினாய். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையை நான் இங்கே தேடிப் பிடித்தேன். அதற்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஓடினால் அவள் இங்கேயே இருப்பாள், ஓடாவிட்டால் உன்னிடம் வருவாள் என்பது எங்களுக்குள் பேச்சு. சாமான்களை அவள் சந்தையில் வாங்கி வந்தாள். டிஸ்க் மட்டும் உன் அன்பளிப்பு. சூயிங்கம் பட்டை மாதிரி இருந்த அதை வேறு யாரையும் தொடவிடாமல் நானே என் கையால் மாட்டினேன். கண்ணாடி போலப் பளபளத்தது. நல்ல சாமான் என்று உன்னை வாழ்த்தவும் செய்தேன். பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் வருகிறது, மொழி கேட்கிறது, நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்கிறது, எல்லாவற்றுக்கும் சம்மதித்துக்கொண்டே போனால் கடைசியில் எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்டுவிட்டு வெறும் பலகையைக் காட்டுகிறது. டிஸ்க்கே இல்லையாம்! பென்டிரைவை மாற்றினோம், அமைப்புகளை மாற்றினோம், உன் அக்காள் கண்ணேறு என்று பகூர் சாம்பிராணி போட்டாள், அந்தப் புகையை முன்பக்க விசிறி இழுத்துப் பின்பக்கமாக விட்டதில் கீழ்வீட்டுக்காரர்கள் வாளியோடு ஓடி வந்துவிட்டார்கள்.

நஹ்லா கெஞ்சினாள்.

"அப்பா, டிஸ்க்க ஒரே ஒரு தடவ கழட்டிப் பாக்குறேன்ப்பா."

"தொடாதே! ஷாக் அடிக்கும்."

"பிளக்கையே புடுங்கிட்டேனேப்பா!"

"புடுங்கினாலும் அடிக்கும். முப்பது வருஷம் டிராம்ல இருந்தவன் சொல்றேன்."

கடைசியில் மருந்துக்கடை பஸ்யூனியைக் கூப்பிட்டோம். அவனிடம் கம்ப்யூட்டர் இருப்பதால் தெருவே அவனை இன்ஜினியர் என்கிறது. பிளாஸ்டிக் உறை போட்ட எங்கள் சோபாவில் கிறீச்சென்று உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "டிஸ்க் செத்துப்போச்சு வக்தி அண்ணே. அனுப்புனவரு மலிவா வாங்கியிருப்பாரு."

மலிவு என்பதை நான் மன்னித்துவிடுவேன், சப்ரி. ஆனால் ஓடாத டிஸ்க்கை அனுப்பினால் நஹ்லா உன்னிடம் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தானே இதை அனுப்பினாய்? ஒரே மகளடா எனக்கு. இந்த டிஸ்க்கை இந்தக் கடிதத்தோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். உன் பிள்ளைகளுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். உனக்கும் தரட்டும், கொஞ்சம் வெட்கத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
வக்தி

பின்குறிப்பு: திருப்பி அனுப்புவதற்காக டிஸ்க்கைக் கழற்றினேன். விரலில் ஏதோ ஒட்டியது. சோற்றுப் பாத்திரத்தை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், தலை முதல் கால் வரை சுற்றியிருந்தது! "பின்ன? புதுச் சாமானாச்சே, தூசி படியக் கூடாதுன்னு நாந்தான் வந்தன்னைக்கே சுத்தி வெச்சேன்" என்றாள் உன் அக்காள். எங்கள் ஃப்ரிட்ஜின் கைப்பிடியும் டிவி ரிமோட்டும் வாங்கிய நாள் உறையோடுதான் இன்றும் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். உரித்து மாட்டினால் உடனே டிஸ்க் தெரிந்தது, விண்டோஸும் ஏறிவிட்டது. நஹ்லா எங்கள் பேச்சுப்படியே அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. நான் உன் அக்காளைத் திட்டப் போனேன்.

"டிஸ்க்க சுத்தி வெச்சது நானு. உங்க பொண்ண சுத்தி வெச்சிருக்கறது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆகவே, சப்ரி, மேலே எழுதிய எதையும் மனதில் வைக்காதே. உன் வீட்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் உள்ள ஓர் அறையாக அவளுக்குப் பார்த்துவை. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும், அவள் முகத்தை அதிலாவது பார்க்க எங்களுக்கு வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மனம் மாறிவிடும் முன் முதலில் இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன்.