கலியன் பேரில் ஒரு திமிங்கிலம்

தனகோட்டியை முதலில் ஏமாற்றியவன் அவர் மச்சான் கலியன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் தனகோட்டி மேல் பழி போடக் கூடாது.

நடந்தது 2011 மே மாதம். மெட்ராஸில் ஒரு மியூசியம். உள்ளே முழுத் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது, அதன் வாய் வழியாக நுழைந்து வால் வழியாக வெளியே வரலாம் என்று ஊரே பேசியது. வரிசை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கரும்புச்சாறு கடையை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தனகோட்டி இரண்டரை மணி நேரம் நின்றார். கவுண்டருக்குப் பத்து ஆள் இருக்கும்போது தாகம் பொறுக்கவில்லை. "மச்சான், எடத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் மச்சானும் இல்லை, இடமும் இல்லை. கவுண்டரைச் சாத்திவிட்டார்கள். கலியன், அவன் பெண்சாதி பெரியநாயகி, ஏன், தனகோட்டியின் சொந்த மனைவி அம்சவல்லி வரைக்கும் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் இருந்தார்கள்.

அம்சவல்லியை மன்னித்துவிட்டார். சோறு போடுகிறவளோடு பகை வளர்க்க முடியுமா? ஆனால் கலியன்? "தப்பாப் போச்சு மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவனோ நெய்வேலி வரும் வரைக்கும், பஸ்ஸில் ஐந்து மணி நேரம், ஒவ்வொரு எலும்பாக அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தான்.

ஆறு வருஷம் ஓடியது. தனகோட்டி நெய்வேலி நிலக்கரி மைன்ஸிலிருந்து ரிடையர் ஆனார். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்தார். முட்டிவலி வந்தது, கண்ணாடி வந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு கிறிஸ்துதாஸ் அந்தச் சேதியைச் சொன்னார். அதே மியூசியத்துக்கு இப்போது கம்ப்யூட்டரில் முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிடலாமாம். வரிசையே கிடையாதாம். உள்ளே போகவே தனி கேட்டாம். அடுத்த மாதம் மெட்ராஸில் ஒரு கல்யாணம் வேறு. குறிஞ்சிப்பாடியிலிருந்து கலியனும் வருகிறான். தனகோட்டிக்கு அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

"அம்சா, கல்யாணத்துக்கு மறுநாள் மியூசியம் போறோம். உங்க அண்ணனையும் பத்து மணிக்கு வரச் சொல்லு."

"அட, எங்கண்ணன் மேல திடீர்னு பாசம் பொத்துகினு ஊத்துதே!"

"வரட்டும். வந்து க்யூவுல நிக்கட்டும். நாம முன்னாடியே டிக்கெட்டு எடுத்துகினு அவன் மூக்குக்கு முன்னால உள்ள போவணும். அவன் வெயில்ல நின்னுகினு பாக்கணும்."

"ஆறு வருஷமா இதையா மனசுல எரிச்சிகினு இருந்தீங்க? தெர்மல் ஸ்டேஷன்ல பாய்லரு கூட வருஷத்துக்கு ஒருவாட்டி ரிப்பேருக்கு அணையும்."

"நான் அணைய மாட்டேன்."

"தெரியுதே. சரி, ஆதார் கார்டக் குடுங்க. மந்தாரக்குப்பம் கம்ப்யூட்டர் சென்டர்ல எடுத்துகினு வரேன்."

"கார்டா?" தனகோட்டி பீரோவுக்குக் குறுக்கே போய் நின்றார். "முப்பத்திநாலு வருஷ சர்வீசுல என் கார்ட நான் அடுத்தவன் கைல குடுத்ததில்ல. எங்கூட வேல செஞ்ச ஒருத்தன், 'எனக்கும் சேத்து அட்டென்டன்ஸ் பஞ்ச் பண்ணிடு'ன்னு கார்டக் குடுத்துட்டு, மூணு மாசம் சஸ்பெண்டுல கெடந்தான்."

"அது மைன்ஸு. இது மியூசியம்."

"எதுவா இருந்தாலும் கார்டு வெளிய வராது."

"அப்ப என் கார்டக் குடுத்துடறேன்."

"பொம்பள பேர்ல டிக்கெட்டா? கேட்டுல நிக்கிறவன் என்ன மதிப்பானா? ஆம்பள பேர்லதான் இருக்கணும்."

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆம்பள பேரா இருக்கணும். உங்க கார்டு வெளிய வரக் கூடாது. அவ்ளோதான? நான் பாத்துக்கறேன், வுடுங்க."

இந்த இடத்தில் தனகோட்டி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாலு நாளில் டிக்கெட் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். தனகோட்டி ஐந்தாம் கிளாஸோடு நின்றவர். அது அவருக்குக் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. ஆனாலும் லேமினேஷன் போட்டு வைத்துக்கொண்டார். கிறிஸ்துதாஸ் படித்துப் பார்க்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க. கண்ணால பாருங்க" என்று எட்டத்திலேயே காட்டிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் முடிந்தது. மறுநாள் ஒன்பதரைக்கே தனகோட்டி அம்சவல்லியோடு மியூசியம் வாசலில் நின்றார். விடிகாலை ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்த உடம்பு. வரிசை வழக்கம்போல ரோட்டைத் தாண்டி நின்றது. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் ஒரு நடை நடந்து பார்த்தார். கலியனைக் காணோம். பத்து மணி அடித்ததும் பொறுமை போய்விட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனிக் கேட்டில் டிக்கெட்டை நீட்டினார்.

செக்யூரிட்டி அதன் மேல் மிஷினைக் காட்டினான். "கலியன் யாருங்க?"

தனகோட்டிக்கு ஆச்சரியம். இவனுக்குக் கூடத் தெரிந்திருக்கிறதே!

"அவன் எங்கனா பின்னால நிப்பான். நீ எங்கள வுடு."

"டிக்கெட்டே அவரு பேர்லதான் இருக்குது. கலியன், கூட மூணு பேரு. அவரு கார்டோட வந்தாத்தான் உள்ள வுடுவோம். ஓரமா நில்லுங்க பெரியவரே."

தனகோட்டி மெதுவாகத் திரும்பினார். அம்சவல்லி தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னாடி இது?"

"நீங்க சொன்னதுதான். ஆம்பள பேரு. உங்க கார்டு இல்ல. எனக்கு எங்கண்ணன வுட்டா வேற எந்த ஆம்பள கார்டு குடுப்பான்?"

"நாலு பேருக்கு எதுக்குடி எடுத்த?"

"கார்ட வாங்கிகினு ஆள வெளிய நிறுத்தறதா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"அப்ப நான் க்யூவுல நின்னே போறேன்!"

"போங்க. டிக்கெட்டக் கைல வெச்சிகினு க்யூவுல நிக்கிற மொத ஆளு நீங்கதான்னு பேப்பர்ல போடுவான்."

ஓரமாக நின்றார். வரிசையில் கடைசியாக ஒரு சிவப்புச் சட்டைக்காரர் வந்து சேர்ந்தார். தனகோட்டியின் கண்ணெதிரே அவர் ரோட்டைத் தாண்டினார், வாசலுக்கு வந்தார், டிக்கெட் எடுத்தார், உள்ளே போனார். பன்னிரண்டே காலுக்குக் கலியன் ஆட்டோவிலிருந்து இறங்கினான், பின்னாலேயே பெரியநாயகியும்.

"என்னா மாப்ள, வேத்துக் கொட்டுது? டிக்கெட்டுதான் இருக்குதே, அவசரம் இன்னான்னு டிபன் சாப்ட்டு, ஒரு தூக்கம் போட்டு வரோம்."

கார்டைக் காட்டினான். செக்யூரிட்டி "வாங்க சார்" என்றான். தனகோட்டியைப் பார்த்துச் சந்தேகமாக நிறுத்தினான். கலியன் அவர் தோளில் கை போட்டான்.

"இவரும் நம்மகூட வந்தவருதாம்பா, வுட்டுடு."

உள்ளே ஏசி சில்லென்றிருந்தது. மைன்ஸில் நிலக்கரி வெட்டும் பக்கெட் வீல் மிஷினைத் தினமும் பார்த்த கண்ணுக்குத் திமிங்கிலம் ஒன்றும் அவ்வளவு பெரிசில்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. வாயில் நுழைந்து வாலில் வந்தார். யாரும் பார்க்காதபோது வாலில் நுழைந்து வாயில் வந்தார். விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். அம்சவல்லி சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கலியன் பக்கம் திரும்பியதும் அதை விழுங்கிக்கொண்டார்.

"மாப்ள," என்றான் கலியன், திமிங்கிலத்தின் நடுவயிற்றில் நின்றுகொண்டு.

தனகோட்டி காதைத் தீட்டிக்கொண்டார். வருகிறது. ஆறு வருஷம் கழித்து அந்த வார்த்தை வருகிறது.

"அன்னிக்கு நீ தண்ணி குடிக்கப் போயி கோட்ட வுட்டுட்ட. பாவம்னு இன்னிக்கு நான் இட்டுகினு வந்து காட்டிட்டேன். சந்தோசமா?"

தனகோட்டி வாயைத் திறந்தார். அம்சவல்லி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"சந்தோசம் மச்சான்," என்றார். "ரொம்ப தேங்க்ஸு."

வரவேண்டிய வார்த்தை வராமலே நிற்க, அவர் பக்கத்திலிருந்து ஒன்று கூடுதலாகப் போனதுதான் மிச்சம்.