ஆறுதல் சொல்லியே தீருவார்

நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் வாயைத் திறக்குமுன்பே உங்கள் துக்கம் இன்னதென்று அறிந்துவிடும் இனம். தலைவலி என்று நீங்கள் தொடங்கினால் போதும். தமக்கு வந்த தலைவலி, அது வந்த ஆண்டு, பார்த்த வைத்தியர், குடித்த கசாயம், அதைக் காய்ச்சித் தந்த சின்னம்மாவின் குணநலன் எல்லாவற்றையும் உங்கள் மடியில் இறக்கிவைத்து, முதுகில் இரண்டு தட்டும் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் தலை? அது பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கும்.

செட்டிபாளையத்து டிலக்சன் இந்த இனத்தில் பிறந்தவன். யுத்தம் முடிந்த மறு ஆண்டு, அவன் படித்த பல்கலைக்கழகத்து மாணவர்கள் சிலர் சேர்ந்து, மனம் நொந்த மாணவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார்கள். அவனை யாரும் அழைக்கவில்லை. அதனால் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான்.

இரண்டு நாள் பயிற்சி. அதன் சாரம் ஒரே சொல்: கேளுங்கள். டிலக்சன் அதைக் கொப்பியில் எழுதிச் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் இட்டான். பிறகு எழுந்து, கேட்பது ஏன் முக்கியம் என்று பயிற்சி தந்த அம்மணிக்கே இருபது நிமிடம் விளக்கினான்.

முதல் வாரம், பரீட்சையில் தவறிய ஒருவன் கூப்பிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து, "அண்ணன், லெக்சருக்கு நேரமாயிட்டு, வெக்கவா?" என்று கெஞ்சினான்.

"பாத்தியா? படிப்பில ஆர்வம் வந்திட்டு!" என்றான் டிலக்சன், அருகிலிருந்த பாஹிமிடம்.

காத்தான்குடிப் பாஹிம் எதிர் இனம். அவன் கேட்கிற கேட்பில், லைன் அறுந்துவிட்டதோ என்று மறுமுனையில் இருப்பவர்களே பயப்படுவார்கள். டிலக்சனுக்கு அவனை நினைத்தால் பாவமாயிருக்கும். பேசத் தெரியாத பிள்ளை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பெண் கூப்பிட்டாள். கிரானில் வீடு, முதலாம் வருடம்.

"அண்ணன், எனக்கு... இருந்து என்னத்துக்கு எண்டு இரிக்கு."

இப்படியொரு வசனத்தைக் கேட்டால் பயிற்சிபெற்றவன் என்ன செய்யவேண்டும்? டிலக்சன் தன் கைவசமிருந்த சிறந்த சரக்கை எடுத்தான்.

"எனக்கு விளங்குது தங்கச்சி. நாங்களும் சுனாமியில எல்லாத்தையும் குடுத்த ஆக்கள்தான். அதுக்காக நிண்டுபோனமா?"

இந்த வசனத்தை அவன் ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறான். எல்லோரும் "ஓம், ஓம்" என்று அடங்கிவிடுவார்கள். இவள் அடங்கவில்லை.

"போனது ஆரு அண்ணன்?"

இதை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க அவன் இடம் விட்டால்தானே?

"எண்ட தங்கச்சி," என்றான். "விதுர்ஷா. பத்து வயசு. அண்டைக்கு ஞாயித்துக்கிழமை, நான் மெச் விளையாடக் களுவாஞ்சிக்குடிக்குப் போனன். நானும் வாறன் எண்டு சைக்கிளப் புடிச்சாள். பொம்பிளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை எண்டு..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வார்த்தைக்குப் பஞ்சமே அறியாத டிலக்சனுக்கு! ரிசீவரைப் பிடித்தபடி விக்கி விக்கி அழுதான்.

"அழுங்க அண்ணன்," என்றது அந்தக் குரல். "நான் வெக்க மாட்டன்."

வைக்கவில்லை. புத்திமதி சொல்லவுமில்லை. அவன் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். இருந்து என்னத்துக்கு என்று கேட்க வந்தவள், அவனுக்காக இருந்தாள். பாஹிம் எழுந்துபோய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"தங்கச்சி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?" என்றான் டிலக்சன், வெட்கத்தோடு.

"எங்கட அண்ணன் சண்டை நேரம் வன்னிக்குப் போனவன். வரல்ல. இரிக்கான் எண்டுறா அம்மா. இல்ல எண்டுறார் அப்பா. நான் என்ன நினைக்கன் எண்டு ஆரும் கேக்கல்ல."

டிலக்சனின் நாக்கில் மூன்று ஆறுதல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தண்ணீரை எடுத்துக் குடித்து மூன்றையும் விழுங்கினான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். முடிவில், பயிற்சி தந்த அம்மணியைத் திங்கட்கிழமை நேரில் பார்க்கவும் சம்மதித்தாள், பார்க்கவும் செய்தாள். அவள் என்ன நினைத்தாள் என்பது நமக்குத் தெரியாது. டிலக்சன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அன்றைய குறிப்பேட்டில் அவன் எழுதினான்: "ஆறுதல் வழங்கப்பட்டது."

பாஹிம் எட்டிப் பார்த்தான். "ஆரு, ஆருக்கு?"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யாராவது ஒரு வசனத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஒண்டுமில்ல" என்று எழுந்து போனதுண்டா? உண்டென்றால் பின்னாலேயே போய் என்னவென்று கேளுங்கள். ஆனால் அறை வாசலை அடையும்போதே அதற்கான பதில் உங்களிடம் தயாராக இருந்தால், தயவுசெய்து திரும்பி வந்துவிடுங்கள்.

நேற்று மட்டும் நான் மூன்று தடவை திரும்பி வந்தேன்.