சாக்குக்குள் ஒரு பெட்டி

கிணற்று மோட்டார் இரண்டாவது தடவையாகக் கருகிய அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இனி எலெக்ட்ரீசியன் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நம்புவதில்லை!

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்த வியாதி. மூக்குக்கண்ணாடி வாங்கக் கடைக்கு வருகிறவர், சுவரில் மாட்டிய கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்துவிட்டால் போச்சு. 'மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பாரோ?' என்று அட்டையைத் தலைகீழாக மாட்டிப் படிக்கச் சொல்வார்.

எலெக்ட்ரீசியன் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கித் தரையில் வைத்தார். தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது.

"சார், இடி நேரா மோட்டார் மேல விழணும்னு இல்ல. தெருக்கோடில விழுந்தாலே போதும். கம்பி வழியா கரண்ட் குபீர்னு பாய்ஞ்சு வந்து காயிலைக் கருக்கிடும். ஸ்விட்ச் போர்டு பக்கத்துல ஒரு சர்ஜ் பொட்டி மாட்டி, எர்த் கம்பியை ஆழமா இறக்கிடுங்க. அதிகமா வர்ற கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும்."

"என் பணமும் கூடவே மண்ணாப் போயிடும்."

"மோட்டார் எரிஞ்சா மட்டும் போகலையா?" என்றாள் மனைவி. "வாளியும் கயிறுமா தண்ணி இழுத்து என் தோள்பட்டையே கழண்டுபோச்சு."

"நீ சும்மா இரு. மோட்டாரை ரிப்பேர் பண்றதும் இவரு. பொட்டி மாட்டப் போறதும் இவரு. இதுல இடி ஒண்ணுதான் வெளியாளு. அதுவும் இவருக்குச் சொந்தமோ என்னமோ!"

எலெக்ட்ரீசியன் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மழைக்காலம் நெருங்கியது. மனைவி காலையில் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். சாயங்காலம் கேட்டாள். சோறு போடும்போதும் கேட்டாள். திடீரென்று ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கேதான் அவருக்குக் குடைய ஆரம்பித்தது.

"என்ன, பொட்டிப் பேச்சையே காணோம்?"

"விடுங்க. அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர்கிட்ட விசாரிச்சேன். அது வெறும் டப்பாவாம், வெட்டிச் செலவாம். 'உங்க வீட்டுக்காரர்கிட்ட அந்தப் பேச்சையே எடுக்காதீங்கம்மா'ன்னாரு."

"எடுக்காதீங்கன்னாரா?"

"திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

கண்ணாடிக்கடைக்காரரின் காதுமடல் சிவந்தது. நேற்றைய ரொட்டியைக்கூடச் சும்மா கொடுக்காத மனுஷன், புத்திமதியை மட்டும் ஓசியில் கொடுக்கிறானா? ஏதோ இருக்கிறது!

மறுநாள் பல் துலக்குகிற சாக்கில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரர் வீட்டு மோட்டார் அறைச் சுவரில், சதுரமாக ஏதோ ஒன்று, பழைய சாக்கால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு பச்சை ஒயர் இறங்கி மண்ணுக்குள் போயிற்று.

"அகப்பட்டான்!" என்றார். பற்பசை நுரை மதில்மேல் தெறித்தது.

வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போன அன்று கடையைச் சாத்திவிட்டு, எலெக்ட்ரீசியனைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்தார்.

"பக்கத்து வீட்டுல இருக்கறதைவிடப் பெரிய பொட்டியா மாட்டுங்க. யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா என் பெண்டாட்டிக்கு."

எலெக்ட்ரீசியன் பைக்குள் கையை விட்டார். பெட்டி ரெடியாக இருந்தது. எர்த் கம்பியும் அளவெடுத்தாற்போல் இருந்தது.

"எப்படி எல்லாம் கையோட கொண்டுவந்தீங்க?"

"மழைக்காலம் சார்," என்று மட்டும் சொல்லி, எலெக்ட்ரீசியன் இருமினார்.

இந்த இருமலையும் கண்ணாடிக்கடைக்காரர் சந்தேகப்பட்டிருப்பார். ஆனால் பேக்கரிக்காரரை முறியடித்த குஷியில் விட்டுவிட்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் வானம் இருண்டது. கண்ணைப் பறிக்கிற மின்னல், கூடவே ஓர் இடி. ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தது. கரண்ட் போய், மழை விட்ட பிறகு வந்தது. அவர் ஓடிப்போய் மோட்டார் ஸ்விட்சைத் தட்டினார். குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மதிலோரம் ஓடினார். பேக்கரிக்காரர் அந்தப் பக்கம் நனைந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வெறும் டப்பாவா? வெட்டிச் செலவா? உங்க தந்திரம் என்கிட்ட பலிக்காது!"

"நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்? இது இல்லாம மோட்டார் வைக்கலாமா? உங்க வீட்டம்மாதான் வந்து, 'எங்க வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பாரு, கொஞ்ச நாளைக்குப் பொட்டியைச் சாக்கால மூடி வைங்க'ன்னாங்க. இப்ப எடுத்துடலாம் இல்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குள் பாய்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்திட்டியே! நேராச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நேராச் சொன்னதை என்னைக்கு நம்பினீங்க? வேண்டாம்னு சொன்னாத்தானே உங்களுக்கு வேணும்?"

அவருக்குப் புதுச் சந்தேகம் ஒன்று முளைத்தது.

"இரு இரு. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி, 'கண்ணாடிக்கடைப் பையனுக்கு என் பொண்ணைத் தரவே மாட்டேன்'னு உங்கப்பா சொன்னதா என் காதுக்கு வந்துச்சே? அந்த ரோஷத்துலதானே நான் ஒத்தக் கால்ல நின்னு உன்னைக் கட்டிக்கிட்டேன்?"

மனைவி சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"பாவம், அப்பா அப்படிச் சொல்லவே இல்லீங்க. நான்தான் சொல்லி அனுப்பினேன்."