கழித்தல் முந்நூறு பெட்டி மீன்

அப்பியா,
மழை விடாத செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெரும் பயத்துக்கும் உரிய லாங்கி அத்தைக்கு,

வலாசி எழுதுவது. ஆக்லாந்தில் நீங்களும் மாமாவும் உங்கள் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மா நலம், பன்றிகள் நலம், நான் வேலையில் இருக்கிறேன். கடைசிச் செய்தி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் செல்லும்.

உங்கள் குரல்பதிவு வந்தது. சவாயித் தீவில் மாமாவுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கட்டப்போகும் விழாவுக்கு, எங்கள் மொத்தக்கடையிலிருந்து நாற்பது பெட்டி டின் மீனை யாருக்கும் தெரியாமல் ஒதுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். "நீதானடி அங்க கம்ப்யூட்டரு! ஒரு பட்டனத் தட்டினா நாப்பது பெட்டி மறையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மறையும் அத்தை. மறைவது ஒன்றுதான் இந்தக் கம்ப்யூட்டரில் தடங்கலில்லாமல் நடக்கிறது.

எங்கள் முதலாளி ஃபிலோமேனா அம்மா கடைக் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்ற பிரிஸ்பேனிலிருந்து க்ரெய்க் என்பவரை வரவழைத்திருக்கிறார். தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டை. அந்த மென்பொருளில் அப்பியா கிடங்கு ஓர் 'இருப்பு நிறுவனமாம்', கடல் தாண்டி சவாயியில் இருக்கும் கிடங்கு இன்னொன்றாம். ஒவ்வொன்றுக்குள்ளும் கடை, பின்கட்டு, நசுங்கிய சரக்கு, கப்பலில் வரும் சரக்கு என்று நான்கு உட்கிடங்குகள். எந்தப் பெட்டியும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும், இல்லையென்றால் விற்றுப்போயிருக்கும் என்றார். அவ்வளவு தெளிவான மனிதர். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கையைத் தூக்கினேன். அது காதைத் தாண்டுமுன் கூச்சம் வந்து, முடியைச் சரிசெய்வதுபோல் இறக்கிவிட்டேன். அந்தக் கை ஒழுங்காக மேலே போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

சந்தேகம் இதுதான். நம் தீவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தங்கள் பெட்டி பெட்டியாக மீன் கொண்டுபோவதும், அந்த வீட்டார் அதே பெட்டிகளை வந்தவர்களுக்கு மரியாதையாகக் கொடுத்தனுப்புவதும், வாங்கியவர்கள் தின்று தீர்க்க முடியாமல் எங்கள் கடைக்கே கொண்டுவந்து மாவாகவோ சர்க்கரையாகவோ மாற்றிக்கொள்வதும் உங்களுக்குத் தெரியாததா? போன தடவை நீங்கள் மாற்றியதை நான்தானே தூக்கினேன்! ஒரே பெட்டி வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் பில் போடுகிறோம். திரும்பி வரும்போது "வாங்க, உள்ள வைங்க" என்கிறோம். "வாங்க, உள்ள வைங்க" என்பதற்கு பிரிஸ்பேன்காரர்கள் பொத்தான் வைக்கவில்லை.

ஒரு மாத ஒத்திகை முடிந்து திரையைத் திறந்தால்: பின்கட்டு, டின் மீன், கழித்தல் முந்நூறு பெட்டி.

"மைனஸ் முந்நூறா? அப்ப நான் சாஞ்சு நிக்கிறது என்னடி, மீனோட ஆவியா?" என்றார் ஃபிலோமேனா அம்மா, கூரை வரை அடுக்கிய பெட்டிகளில் சாய்ந்துகொண்டு.

"இதெல்லாம் இங்க இருக்கவே முடியாது மேடம். எல்லாம் வித்துப்போச்சு. யாரோ கணக்குல விளையாடுறாங்க" என்று சொல்லிவிட்டு க்ரெய்க் என்னைப் பார்த்தார். இருப்புக் கணக்கு என் பெயரில் இருக்கிறதே! வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த வேலையை பிரிஸ்பேனிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "சரிங்க" என்றேன். குடும்பத்திலேயே முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவள் என்று நீங்கள் சர்ச்சில் எழுந்து நின்று அறிவித்தீர்களே, அங்கே போய் நான் நன்றாகக் கற்றது அந்தச் சொல்லைத்தான்.

சனிக்கிழமை, க்ரெய்க் தங்கியிருக்கும் விடுதிக்காரரின் மாமனார் இறந்துபோனார். மரியாதைக்குத் தலைகாட்டப் போனவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தூரத்திலிருந்து வந்த விருந்தாளியை விடுவார்களா? முன்னால் இழுத்து உட்காரவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பெட்டி மீன் கொடுத்துவிட்டார்கள். நேற்றுக் காலை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையில் முதல்முறையாகச் சேறு.

"எனக்கு மீனே ஆகாது. ப்ளேன்லயும் ஏத்த மாட்டாங்க. இங்க குடுத்தா வாங்கிப்பீங்கன்னு அந்த வீட்டம்மா சொன்னாங்க..."

"வாங்க தம்பி, உள்ள வைங்க. மாவா, சர்க்கரையா?" என்றார் ஃபிலோமேனா அம்மா.

"சர்க்கரை."

அப்போதுதான் அத்தை, என் வாய் தானாகத் திறந்தது. "இந்தப் பெட்டிய எந்த உட்கிடங்குல வைக்கட்டும் சார்?"

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் மூன்று குடும்பங்களின் பெயர்கள், ஒன்றை அடித்து ஒன்று எழுதியது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்தாவது உட்கிடங்கைத் திறந்தார்: 'சாவு வீடு'. உடனே ஃபிலோமேனா அம்மா கல்யாணம், சர்ச் திறப்பு, பட்டம் கட்டும் விழா என்று அடுக்க, மத்தியானத்துக்குள் பதினொன்று ஆகிவிட்டது. "போதகர் வீட்டுக்கு உட்கிடங்கெல்லாம் பத்தாது தம்பி. அதுக்குத் தனி நிறுவனமே போட்டுருங்க" என்றார். போட்டுவிட்டார்.

திரும்பி வந்த பெட்டிகளை எல்லாம் ஏற்றியாயிற்று. இப்போது ஏழு பெட்டி மட்டும் திரையில் இருக்கிறது, கிடங்கில் இல்லை. வெள்ளிக்குள் அந்த ஏழும் கிடைக்காவிட்டால் என் நாற்காலி காலி. இந்த நிலையில் நாற்பதை மறைக்கச் சொல்கிறீர்கள். ஆகவே, நேரில் சொல்லத் தைரியமில்லாததால் எழுத்தில் சொல்கிறேன்: முடியாது. ஒரு டின்கூட முடியாது.

மாமாவின் பட்டம் நீடூழி விளங்கட்டும். ஃப்ரிட்ஜ் வீட்டாருக்கு என் வணக்கம். எல்லாரையும் ஆண்டவர் காப்பாராக, முடிந்தால் என்னை வெள்ளிக்கிழமைக்கு முன்பாக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
வலாசி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஃபிலோமேனா அம்மா எட்டிப்பார்த்துவிட்டார். "லாங்கிக்கேவா இல்லன்னு எழுதற? எங்கப்பா சாவுக்கு அறுபது பெட்டியோட வந்து நின்னவடி அவ!" ஆகவே உங்களுக்காகப் பன்னிரண்டாவது உட்கிடங்கு திறந்தாயிற்று. யாரும் கேட்காமலிருக்க அதற்கு 'க்ரெய்க்' என்று பெயர் வைத்தவர் க்ரெய்க்தான். விழாவில் அவருக்கு முன்வரிசை வேண்டுமாம். அந்த ஏழு பெட்டியும் கிடைத்துவிட்டது, என் அம்மாவின் கட்டிலுக்கடியில். நீங்கள் அம்மாவிடமும் தனியாகப் பேசியிருக்கிறீர்கள் போல. "வலாசி எடுத்துக்கச் சொன்னா" என்று சொல்லி எடுத்துப்போனாராம், வாயே திறக்காத என் பெயரில்! நாற்காலி பிழைத்தது. உங்களுக்கு சவாயிப் படகில் வருவது முப்பத்துமூன்று பெட்டிதான். எனக்கும் கழித்தல் வரும் அத்தை.