ஓசி அன்ரெனாவும் ஒரு பொம்பிளைக் குரலும்

"இண்டையோடை இந்த வீட்டிலை சீரியல் முடிஞ்சுது!"

ஞாயிற்றுக்கிழமை விடியக் காலை. ஒரு கையில் பிடுங்கிய வயர். மறு கையில் தமிழ்ச் சனல் பெட்டி. வரதராசா இப்படிப் பிரகடனம் செய்தபோது அதைக் கேட்க வீட்டில் ஒரேயொரு ஆள்தான் இருந்தது. அந்த ஒரு ஆளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது எண்டா? கடைசிப் பகுதி போட்டிட்டாங்களோ?" என்றாள் கோசலை.

"பெட்டி பழுதாப் போச்சு."

"ராத்திரி நல்லாத்தானே இருந்தது."

"ராத்திரி நல்லா இருந்த எத்தினை மனிசர் விடியப் போய்ச் சேந்திருக்கினம். பெட்டிக்கு என்ன வந்தது?"

பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை. பழுதுபட்டது வரதராசாவின் நெஞ்சு. வியாழக்கிழமை சீரியலில் ஒரு புருசன் பெண்சாதிக்கு வந்த கடிதத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தான். பதினொரு கிழமை அரிசியைக் கழுவாமல் விட்ட பெண்சாதி அன்றைக்குப் பார்த்துக் கழுவப் போனாள். கடிதம் கையில் வந்தது. இடி இடித்தது, மின்னல் மின்னியது, பெண்சாதியின் முகத்தை ஆறு தரம் காட்டினார்கள். ஏழாம் தரம் கோசலை தன் முகத்தைத் திருப்பிப் புருசனைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் வீடு கேட்டு எழுதின கடிதத்துக்கு என்ன நடந்தது?"

"பொறுத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கிறாங்கள்," என்றார் வரதராசா.

அந்தக் கடிதத்தின் கதை இதுதான். இவர்கள் இருப்பது ஈஃபிள் கோபுரம் உள்ள நகரத்தில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம், ஐந்தாம் மாடி. லிஃப்ற் இல்லை. நூற்றி நாலு படி. கோசலை இருபத்திரண்டு வருடம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாப்பாட்டுக் கடையொன்றின் நிலவறையில் நின்று றோல்ஸ் சுற்றியவள். அந்த நிலவறையில் வெங்காயத்துக்கும் தமிழ்தான். பிரெஞ்சு வரவில்லை, முழங்கால் நோ வந்தது. அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டார்கள். எட்டு வருடம் கழித்து, நகரத்துக்கு வெளியே திரான்சியில் முதலாம் மாடியில், லிஃப்ற் உள்ள வீடு தருகிறோம், பத்து நாளுக்குள் பதில் போடுங்கள் என்று கடிதம் வந்தது. வரதராசா பதில் போட்டார். வேண்டாம் என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டு, கையெழுத்தும் வைத்தார். கோசலையிடம் மூச்சும் விடவில்லை. அது நடந்து நாலு வருடம்.

ஏன் போட்டார்? லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையின் மூலை மேசை அவருடையது. "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று சனம் கடிதம் கொண்டு வரும். அண்ணையின் பிரெஞ்சு முப்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிப் படித்த பிரெஞ்சு. சூடு, கெதியா, விலத்து, இந்த மூன்றும் தண்ணி பட்ட பாடு. மிச்சத்துக்குக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடிப்பார், திகதியைப் பார்ப்பார், முத்திரையைப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு, "பொறுத்திருக்கச் சொல்லுறாங்கள்" என்பார். இந்த நாட்டில் பத்துக் கடிதத்தில் ஒன்பது அதைத்தான் சொல்லும். அதனால் அண்ணைக்கு நல்ல பெயர். திரான்சிக்குப் போனால் ஆர் அண்ணை என்பான்? பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு கிழவன், அவ்வளவுதான்.

மேசையில் அவர் ஓதுகிற வேதம் இரண்டு. "தம்பி, இந்த நாட்டிலை வாயாலை சொல்லுறது கதை, கடதாசியிலை இருக்கிறதுதான் உண்மை." இது முதலாவது. "ரெண்டு மாதத்துக்கை பதில் வராட்டி இல்லை எண்டு அர்த்தம்." இது இரண்டாவது. அகதியாய் வந்த நாளிலிருந்து முத்திரை குத்தின ஒரு துண்டைக்கூட எறியாத மனிசன். பஸ்ஸில் கட்டின தண்டப் பற்றுச்சீட்டும் இருக்கிறது. ஆகவே அந்தக் கடிதத்தின் பிரதியையும் எறியக் கை வரவில்லை. அலுமாரிக்கு மேலே நீல ஃபைலில் கிடந்தது. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவளுக்கு ஒளிப்பிடம் எதற்கு?

ஆனால் இப்போது சீரியல் அவளுக்குச் சந்தேகப்படப் படிப்பிக்கிறது. ஆகவே தமிழ் வேண்டாம். ஒரு சொல்லும் விளங்காத ரீவியைக் கொடுத்தால் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். வரதராசா பார்பெஸ் கடைத்தெருப் பக்கம் போய், கொப்பி மட்டை அளவில் கறுப்பாக ஒரு அன்ரெனா வாங்கி வந்தார்.

"இது என்ன, இறைச்சி வெட்டுற பலகையோ?"

"அன்ரெனா! ஈஃபிள் கோபுரத்திலை இருந்து நேரா எங்கடை யன்னலுக்கு அனுப்புறாங்கள். ஓசி. எச்.டி. மூக்கிலை மயிர் எண்ணலாம்."

"ஆற்றை மூக்கிலை?"

"செய்தி வாசிக்கிறவன்ரை மூக்கிலை!"

"எண்ணி என்ன செய்யிறது?"

வரதராசா அன்ரெனா வயரை ரீவியில் செருகினார். ரீவி பிரெஞ்சில் கேள்வி கேட்கத் தொடங்கியது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஆறு பக்கம். தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? கண்ணாடியைத் துடைத்துவிட்டு எல்லாக் கேள்விக்கும் ஓம் என்று அமத்தினார். படம் வந்தது, உடைந்தது, கட்டம் கட்டமாய் நின்றது. கோசலை எழும்பி வந்து அன்ரெனாவுக்குப் பின்னால் புட்டுப் பானை மூடியைச் சாத்தினாள். படம் கண்ணாடி மாதிரி நின்றது.

ஒரு துப்பறியும் நாடகம். ஒருத்தி கதவைத் திறந்தாள். திறக்க முன்னமே எங்கிருந்தோ இன்னொரு பொம்பிளையின் குரல் ஆறுதலாக, சொல்லுச் சொல்லாக ஏதோ சொன்னது. அவள் கதிரையில் போய் இருந்தாள். அதையும் குரல் சொன்னது.

"ஆரப்பா இந்தப் பொம்பிளை? ஆளைக் காணேல்லை, குரல் மட்டும் வருது."

வரதராசா திகைத்தார். அரை விநாடிதான். "ஓசி ரீவி எண்டா அப்பிடித்தான். ஒருத்தி விளங்கப்படுத்திக்கொண்டு இருப்பாள். இஞ்சத்தை வழக்கம்."

"மூண்டாம் மாடி செசில் அக்காவைக் கேப்பமே? அவா புதுச்சேரி ஆள், தபால் கந்தோரிலை இருந்தவா, எல்லாம் தெரியும்."

"வீட்டு விசயத்தை வெளியாருக்குக் காட்டிறேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

கோசலை கேட்கவில்லை. குரலைத்தான் கேட்டாள். வேலையை விட்ட பிறகு அவளுக்குப் பகல் நீளம். குரலுக்கோ அலுப்பே இல்லை. அவன் உள்ளே வருகிறான் என்று குரல் சொல்லும், அவன் வருவான். அவள் அழுகிறாள் என்று சொல்லும், கண்ணீர் எச்.டி.யில் பளிச்சென்று வழியும். ஒரு சொல்லுக்கு ஒரு படம். இப்படிப் பொறுமையாய்ச் சொல்லிக் கொடுக்க முப்பது வருடத்தில் அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்ரெனா வந்து ஐந்தாம் மாதம் ஒரு பின்னேரம் வரதராசா கதவைத் திறந்தார். "இல் ஆந்த்ர்," என்றாள் கோசலை. அவர் உள்ளே வருகிறார். சப்பாத்தைக் கழற்றினார். அதையும் பிரெஞ்சில் சொன்னாள். வரதராசா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாள் மூலை மேசையில் சொல்லியும் சிரித்தார். "மனிசி கிளிப்பிள்ளை மாதிரிக் கதைக்குது, தம்பி!"

எட்டாம் மாதம் சாப்பாட்டில் கத்தரிக்காயை ஒதுக்கினார். "இல் ரெஃப்யூஸ்," என்றாள். அவர் மறுக்கிறார். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதராசா ஒதுக்கின கத்தரிக்காயை எடுத்துத் தின்றார். அந்தச் சொல்லைத்தான் அவர் நாலு வருடத்துக்கு முன் புள்ளடி போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்தவர்.

அன்றைக்கே அன்ரெனாவைச் சுவருக்குத் திருப்பினார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது பழையபடி ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பானை மூடியை ஒளித்தார். கோசலை இட்டலித் தட்டை வைத்தாள். படம் முன்னையைவிடத் திறம்.

"இஞ்சேரும், உந்த ரீவி கண்ணுக்குக் கூடாது."

"நான் பாக்கிறதைவிடக் கேக்கிறதுதான் கூட."

பிறகு அவளும் வெளியே போய் வரத் தொடங்கினாள். முழங்காலுக்கு டொக்டர் என்றாள். நூற்றி நாலு படி இறங்குவாள், நூற்றி நாலு படி ஏறுவாள். வரதராசா துணைக்கு வருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லவும் துணிவில்லை. இரண்டு தரம் அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நீல ஃபைல் இருந்தது. அதில் தூசி இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த சித்திரையில் ஒரு நாள். மத்தியானம் வரதராசா தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்தார். வாசலில் இரண்டு உடுப்புப் பெட்டி. மேசையில் நீல ஃபைல். ஃபைலுக்கு மேலே அந்தக் கடிதம். கோசலை மேல்கோட்டுப் போட்டு நின்றாள்.

"எங்கை பயணம்?"

"திரான்சிக்கு. முதலாம் மாடி. லிஃப்ற் இருக்கு."

"ஆ... ஆர் எழுதினது?"

"நான்தான். எழுத்துத் தெரியும்தானே, பள்ளிக்கூடத்திலை ஏ பி சி படிச்சனான். இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் பெலத்து வாசிச்சன். என்ரை வாயாலை ரீவிப் பொம்பிளையின்ரை சொல்லு வந்திது. வீட்டுக் கந்தோருக்குப் போனன். டொக்டர் தந்த துண்டைக் குடுத்தன், முழங்கால் எண்டா முன்னுக்குப் போடுவினமாம். ரெண்டு பேருக்கோ எண்டு மேசையிலை இருந்த பிள்ளை கேட்டுது. இந்தக் கடிதத்தைக் காட்டி, மிசே ரெஃப்யூஸ், ஐயா மறுக்கிறார் எண்டன். அது வாசிச்சுப் பாத்திட்டு, ஓம் மதாம், மிசே மறுத்திருக்கிறார், கையெழுத்தும் இருக்கு எண்டிட்டு, ஒரு ஆளுக்கு எண்டு பதிஞ்சுது."

"அது வந்து... நான் உமக்காகத்தான்... திரான்சி உமக்கு ஒத்துவராது எண்டு..."

"அது நீங்கள் வாயாலை சொல்லுறது. கடதாசியிலை அப்பிடி இல்லை."

வரதராசா கதிரையைத் தேடி இருந்தார். "இல் சசியே," என்றாள் கோசலை, பழக்கத்தில். அவர் கதிரையில் அமர்கிறார்.

"அந்தக் கடிதத்துக்குப் பிறகும் அஞ்சு வருசம் இந்தப் படியிலை ஏறினன்," என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. ரீவிப் பொம்பிளையின் குரலும் கொலை நடக்கிற நேரத்தில் உயர்வதில்லை. "ஒவ்வொரு மாடியிலையும் நிண்டு மூச்சு வாங்கேக்கை, பாவம் இந்த மனிசனும் எனக்காகத்தானே எழுதிக்கொண்டு இருக்குது எண்டு நினைச்சன்."

வரதராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க மங்கியது.

"அப்ப நான்?"

"எழுதித் தாங்கோ."

"என்னத்தை?"

"விண்ணப்பம். என்னோடை வந்து இருக்கப் போறன் எண்டு. பாத்துப் பதில் போடுறன்."

"எப்ப?"

"பொறுத்திருக்கவேணும். ரெண்டு மாதத்துக்கை பதில் வராட்டி..." மிச்சத்தை விட்டுவிட்டு மேல்கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். மிச்சம் அவருடைய வேதம்தானே.

கீழே, கோசலை றோல்ஸ் சுற்றின கடைச் சாந்தன் வானோடு நின்றான். பெட்டி இரண்டையும் வரதராசாதான் இறக்கினார். முன்னால் கைபிடியைப் பிடித்துப் பிடித்துக் கோசலை இறங்கினாள். நூற்றி நாலாம் படியில் ஒரு கணம் நின்று மேலே பார்த்தாள். திரும்பி வரப்போகிறாள் என்று வரதராசா நினைத்தார். அவள் படியைத்தான் பார்த்தாள். பிறகு வானில் ஏறினாள்.

வரதராசா தனிய ஏறி வந்தார். மூன்றாம் மாடியில் முதல் தரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் ரீவி கோசலை விட்டபடியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பொம்பிளை ஆறுதலாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. ரீவிக் கொன்றோலில் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அமத்தினார். சத்தம் கூடியது. அவள் வாய் மூடவில்லை.

கதவு தட்டப்பட்டது. செசில்.

"என்னா மிசே வரதராசா, சத்தம் மூணாவது மாடி வரைக்கும் கேக்குதே. காது மந்தமா?"

முதல் தரமாக வரதராசா வீட்டு விசயத்தை வெளியாரிடம் கொடுத்தார். கொன்றோலை நீட்டினார். "இந்தப் பொம்பிளையை ஒருக்கா நிப்பாட்டித் தாங்கோ, மதாம்."

செசில் இரண்டு தரம் அமத்தினாள். குரல் நின்றது. அவள் திரையில் கிடந்த எழுத்தைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தக் குரல் கண்ணு தெரியாதவங்களுக்குப் படத்த சொல்றதுக்காக வக்கிறதாச்சே, மிசே. உங்க வீட்டுல யாருக்குக் கண்ணு தெரியாது?"