மாட்டாத கிருமி

வெள்ளையணுவாக நடிக்க ஏழு பேர் தயாராக இருந்தார்கள். கிருமியாக நடிக்கத்தான் ஊரில் ஒருவரும் அகப்படவில்லை.

"ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க சார். நான் கிருமின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றான் கபடிக் குழுத் தலைவன் இளவழகன்.

சுகாதார ஆய்வாளர் சீனுவாசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெடாருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் நாற்பத்திரண்டு குழந்தைகள். போன தடுப்பூசி முகாமுக்கு வந்தவை மூன்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதாம். இந்த முறையும் இப்படியானால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக விழுப்புரத்து அதிகாரி சொல்லியிருந்தார். மகளை இப்போதுதான் திண்டிவனத்தில் பள்ளியில் சேர்த்திருந்தார் சீனுவாசன்.

அதனால்தான் இந்தக் கபடி. களம்தான் உடம்பு. பாடிக்கொண்டு நுழைகிறவன் கிருமி. வளைத்துப் பிடிக்கிறவர்கள் வெள்ளையணுக்கள். இந்த யோசனை உதித்த அன்று அவர் தன்னைத் தானே மெச்சி ஒரு டீ கூடுதலாகக் குடித்திருந்தார்.

"நான் ஒரு ஆளக் கூட்டியாறேன் சார்" என்றார் கிராமச் செவிலியர் தையல்நாயகி, அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே.

அவர் கூட்டி வந்தது ஆட்டு வியாபாரி பச்சைமுத்துவை. வயது ஐம்பது. ஆளுக்கு முன்னால் தொப்பை வந்து நின்றது. பெண் பார்க்கும் வயதைத் தாண்டியவர் என்பதால் கிருமியாவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் ஒத்திகையில் பச்சைமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடியபடி உள்ளே போனார். மூன்று பேரைத் தொட்டார். நாலாவது ஆளைத் தொப்பையாலேயே தள்ளிவிட்டார். திரும்பி வந்து பீடி பற்றவைத்தார்.

"அண்ணே, நீங்க மாட்டிக்கணும்ண்ணே" என்றார் சீனுவாசன்.

"பழக்கதோஷம் சார். வயசுல கபடி ஆடுன காலு, தானா கோட்டுக்கு ஓடுது."

"வெள்ளையணு பத்தல சார். இன்னும் அஞ்சு பேர சேத்துக்குங்க" என்றார் தையல்நாயகி.

நியாயமாகப் பட்டது. சேர்த்தார். பன்னிரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பிடித்து உருண்டார்கள். இளவழகன் தன் தம்பி சுகுமாரையே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கிருமி மாட்டிக்கிச்சு சார்" என்று கத்தினான்.

"அல்லாருக்கும் வெள்ள வேட்டி, வெள்ள சட்ட குடுத்துடுங்க. அடையாளம் தெரியும்ல" என்றார் தையல்நாயகி.

அதுவும் நியாயமாகவே பட்டது.

முகாம் நாளன்று பன்னிரண்டு பேரும் கஞ்சி போட்ட வெள்ளையில் திடலில் இறங்கினார்கள். "ஓட்டு கேக்க வந்துகினாங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

சீனுவாசன் மைக்கைப் பிடித்தார். "நம்ம வெள்ளையணுங்க கிருமிய எப்படிப் புடிக்குதுன்னு பாருங்க."

பிடிக்கவில்லை. சட்டை அழுக்காகுமே என்று ஒருவனும் தரையில் பாயவில்லை. வேட்டி தடுக்கி நாலு பேர் விழுந்தார்கள். வேட்டி அவிழ்ந்து ஒருவன் முள்செடி மறைவுக்கு ஓடினான். கிருமி மூன்று முறை பாடிப் போனதிலேயே உடம்பு காலி. பச்சைமுத்து நடுக்களத்தில் நின்று மீசையைத் தடவ, விசில் பறந்தது.

மகளுக்கு டி.சி. வாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார் சீனுவாசன். கண் கலங்கிவிட்டது.

இடுப்புக் குழந்தையோடு செந்தாமரை எழுந்தாள். போன முறை அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவள்.

"இன்னா சார் இது? பன்னெண்டு தடியனுங்க சேந்து ஒரு கிருமியப் புடிக்க முடியல. பச்சக் கொழந்த ஒடம்பு இன்னாத்த பண்ணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்நாயகி பதில் சொன்னார். "அந்தக் கிருமியோட ஆட்டம் வெள்ளையணுக்குப் புதுசும்மா. முன்னாலயே பழக்கி வுடறதுதான் ஊசி. பழகறப்ப ஒடம்பு கொஞ்சம் சூடாவும். அதான் நீங்க சொல்ற காய்ச்சலு."

"அப்ப ஜல்தியா போடுங்க" என்று செந்தாமரை குழந்தையின் சட்டையைக் கழற்றினாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது. சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு குழந்தைகளும் அழுது முடித்துவிட்டன. சீனுவாசனுக்கு அந்த அழுகை நாதஸ்வரமாகக் கேட்டது. நிறைந்த மனதோடு போய் பச்சைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டிக்காம பேஜார் பண்றீங்களேன்னு மனசுக்குள்ள உங்கள திட்டிட்டேண்ணே. மன்னிச்சுக்குங்க."

பச்சைமுத்து விழித்தார்.

"நான் மாட்டிக்கினா ஒருத்தியும் ஊசி போட வரமாட்டான்னு நர்ஸம்மா மொத நாளே சொல்லிட்டாங்களே சார். உங்களாண்ட சொல்லலியா?"