நான் நாத்திகனாக நின்ற மத்தியானம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான்தான் அதை விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன், நம்பாதீர்கள்.) அதற்கப்புறம் விருத்தாசலத்தில் நான் கட்டியதைக் கேளுங்கள். சொந்தச் சூளை ஒன்று. மழை இரண்டு தடவை இடித்தது, மூன்றாம் தடவையும் எழுப்பினேன். ஊறுகாய் ஜாடி முதல் ஃபியூஸ் கட்டை வரைக்கும் செய்கிற பட்டறை. பெண்ணாடம் ரோட்டில் மாடி வீடு. எங்கள் சபைக் கோயிலுக்கு மணிக்கூண்டு. உச்சிச் சிலுவையைக்கூட நானே பீங்கானில் சுட்டேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை. இத்தனை கட்டிய ஆள், ஒரு மத்தியானம் தன் கல்யாணத்தைத் தானே இடிக்கப் பார்த்தான்.

எழுபதுகளின் தொடக்கம். அப்போது நான் இன்னொருவர் பட்டறையில் மண் பிசைகிறவன். வேப்பூர் சபை உபதேசியார் மகள் எஸ்தரைப் பெண் கேட்டிருந்தோம். எஸ்தர் டீச்சர். உபதேசியாருக்கு என் படிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. "படிப்பு கெடக்கட்டுங்க, விசுவாசத்துலயாவது ஆளு நிக்கிறானான்னு பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயம்தான் எங்கள் கோயிலில் இரண்டு நாள் மாநாடு வந்தது. கடவுள் இல்லை என்கிறவர்களிடம் (அந்தக் காலத்தில் டீக்கடைக்கு ஒருத்தர் இருப்பார்) நம் ஆட்கள் விழிக்காமல் பதில் சொல்லப் பழக வேண்டும், அதற்கு. உபதேசியாரும் மகளோடு வருகிறார் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். "நம்ம பேச்சக் கேட்டு மாமனாரு அங்கயே தேதி குறிச்சிடுவாரு பாரு" என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்தேன்.

முதல் நாள் பேசியதில் பாதி புரியவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். உபதேசியார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி ஆட்டினேன்.

இரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒத்திகை. ஒருவர் நாத்திகராக நின்று கேள்வி கேட்க, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். என் பேர் வந்தது. போதகர் காதருகே வந்து, "தம்பி, ரெண்டு கேள்வி கேளு, பதில் சொன்னதும் ஒத்துக்கிட்டு உக்காந்துடு" என்றார். சரி என்றுதான் எழுந்தேன். கர்த்தர் சாட்சி.

உலகத்தில் ஏன் இத்தனை கஷ்டம் என்று ஆரம்பித்தேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரர் எழுந்தார். "கடவுள் குயவர் மாதிரி, நாம அவர் கையில மண்ணு. மண்ணுக்கு என்னங்க கேள்வி வேண்டிக்கெடக்கு?"

மண்ணைப் பற்றி என்னிடம் பேசியிருக்கக் கூடாது.

"சார், நீங்க மண்ணு பெசஞ்சிருக்கீங்களா?"

"இல்லை."

"நான் பெசையறவன். சூளையில ஜாடி வெடிச்சா எங்க மொதலாளி ஜாடியத் திட்ட மாட்டாரு, என்னத்தான் திட்டுவாரு. காத்து போகப் பெசையல, ஈரம் போகக் காய வெக்கலன்னு. மனுசன் வெடிச்சா மட்டும் மண்ணு மேல பழியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து ஒரு தலைமையாசிரியர். "மண்ணுல கல்லு கெடந்தா குயவர் என்ன செய்வாரு?"

"சலிக்கணுங்க. சலிக்காம வுட்டது யாரு குத்தம்?"

அவரும் உட்கார்ந்தார். மூன்றாமவர் எழுந்து, நாம் ஜெபிக்கலாம் என்றார். போதகர் உட்காரு, உட்காரு என்று கையை ஆட்டுகிறார். எனக்கு அது பாராட்டு மாதிரித் தெரிகிறது. விசுவாசத்தைக் காக்க வந்தவன் அதை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போதுதான் உபதேசியாரைப் பார்த்தேன். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கிளம்பப் போகிறார். கல்யாணம் போச்சு.

அதைவிடப் பெரிய பயம், என் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. (தெரிந்திருந்தால் எனக்கு நானே சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.)

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எஸ்தர் எழுந்தாள்.

"வெடிச்ச ஜாடிய ஒங்க பட்டறையில என்னங்க பண்ணுவீங்க?"

"அரைச்சுப் பொடியாக்குவோங்க."

"பொடிய?"

"புது மண்ணுல கலப்போம். அது சேந்தாத்தான் அடுத்தது நெருப்பு தாங்கும்."

"அப்போ தூக்கி எறியறதில்ல."

"இல்லீங்க."

"ஒங்க கேள்விக்கு எனக்கும் முழுசா பதில் தெரியலீங்க. ஆனா நீங்களே வெடிச்சத எறியாதப்போ, அவரு எறிஞ்சிடுவாருன்னு நெனைக்க எனக்கு மனசு வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வருஷக்கணக்காக அந்தப் பொடியை அரைத்த கை என்னுடையது. ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. "நான் விசுவாசிச்சிட்டேங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒத்திகைக்காகச் சொல்லவில்லை.

வாசலில் உபதேசியார் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றேன். "இவ்ளோ வாய வெளியில வுட்டா சபைக்கு ஆபத்துப்பா" என்றார். "பதில் சொல்ல வூட்டுக்குள்ளயே ஒரு ஆளு இருக்கட்டும்." தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் நான் எதற்காவது வாதம் ஆரம்பித்தால் என் மகள் அடுப்படியைப் பார்த்து, "அம்மா, அப்பா நாத்திகராயிட்டாரு, வாங்க" என்று குரல் கொடுப்பாள். எஸ்தர் கரண்டியோடு வருவாள். நான் உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது சபையின் விழா மலர் அச்சுக்குப் போகிறது. 'மாநாட்டில் எஸ்தர் அம்மாள் அளித்த பதில் அனைவரையும் உருக்கியது' என்று எழுதியிருக்கிறார்கள். உருக்கியது உண்மை. கேட்டது யார்? ஒரு எழுத்து இல்லை. 'ஒரு சகோதரர் கேட்டார்' என்றுகூட இல்லை. கேள்வி இல்லாமல் பதில் எங்கிருந்து வரும்? மலர்க் குழுவினர் கவனிக்கவும்: அவள் பேருக்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, கேள்வி என்னுடையது என்று போடுங்கள். போட்டோ வேண்டாம். (போட்டால் தடுக்க மாட்டேன்.)